ஃப்ரீபிபிஎக்ஸ் சர்வர் பேக்கப்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

அலுவலகத் தொலைபேசிக்கு ஃப்ரீபிபிஎக்ஸ் (ஆஸ்டெரிஸ்க் என்ற அழைப்பு மென்பொருளைத் திரை வழியே நிர்வகிக்கும் மென்பொருள்) ஓட்டும் இடங்களில் பேக்கப் சிக்கல்களைத் தோண்டினால், பெரும்பாலும் ஒரே வேரில் போய் நிற்கும். சின்னதையும் பெரியதையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பார்கள். எக்ஸ்டென்ஷன் (உள் எண்), ட்ரங்க் (வெளி இணைப்பு), ஐவிஆர் (எண்ணை அழுத்தச் சொல்லும் குரல் பட்டி), கியூ (காத்திருப்பு வரிசை), நேர விதிகள், அறிவிப்புக் குரல்கள் எல்லாம் சேர்ந்தாலும் 30 எக்ஸ்டென்ஷன் உள்ள அலுவலகத்தில் சில பத்து எம்பிதான் வரும். அழைப்புப் பதிவுகள் அப்படியல்ல. சாதாரண வேவ் கோப்பு நொடிக்கு 16,000 பைட் எடுக்கும், அதாவது ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏறக்குறைய 58 எம்பி. எட்டுப் பேர் நாளைக்கு மூன்று மணி நேரம் பேசினால் 1.4 ஜிபி; மாதம் 26 வேலை நாளுக்கு 36 ஜிபி; வருடத்துக்கு 430 ஜிபி.

முந்தையது, அதாவது அமைப்புகள், போனால் அலுவலகமே ஊமையாகிவிடும். பிந்தையது, அதாவது அழைப்புப் பதிவுகள், போனால் இழப்புதான், ஆனாலும் போன் அடிக்கும். இரண்டையும் தனித்தனி வேலையாகப் பிரித்துவிட்டால் செலவும் குறையும், கீழே உள்ள கோளாறுகளில் பாதி வரவே வராது.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு இது: ஃப்ரீபிபிஎக்ஸ் 16 அல்லது 17, அதே அலுவலகத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப் (4 ஜிபி ரேம் போதும்) பேக்கப் இயந்திரமாக, அதில் 1 டிபி டிஸ்க், வெளியே ஏதாவது ஒரு எஸ்3 வகை (அமேசான் எஸ்3 போன்ற இணைய) சேமிப்பு. அமைப்புகளின் பேக்கப்பை ஃப்ரீபிபிஎக்ஸின் சொந்த பேக்கப் மாட்யூலே எடுக்கட்டும், தினம் ஒன்று. பதிவுகளை ஆர்சிங்க் (மாறியதை மட்டும் நகலெடுக்கும் கருவி) கொண்டு பேக்கப் இயந்திரம் இழுத்துக்கொள்ளட்டும்; அங்கிருந்து வெளிச் சேமிப்புக்கு ரெஸ்டிக் (குறியாக்கம் செய்து பேக்கப் எடுக்கும் கருவி) அனுப்பட்டும். பதிவுகள் வருடம், மாதம், நாள் என்று அடுக்கிய ஃபோல்டர்களில்தான் விழுகின்றன (வார் → ஸ்பூல் → ஆஸ்டெரிஸ்க் → மானிட்டர்). அதனால் தினமும் புதிதாக வந்தது மட்டுமே நகரும்.

"இழுத்துக்கொள்ளட்டும்" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சர்வரே பேக்கப் இயந்திரத்துக்குள் நுழைந்து எழுதும்படி வைத்தால், சர்வரைப் பிடித்தவன் பேக்கப்பையும் அழித்துவிடுவான். பேக்கப் இயந்திரம் சர்வருக்குள் வந்து வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். ஆர்சிங்குடன் வரும் ஆர்ஆர்சிங்க் என்ற சிறு ஸ்கிரிப்டை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் முறை) சாவியோடு கட்டி, வாசிப்பு மட்டும் என்று வைத்தால் அந்தச் சாவியால் வேறெதுவும் செய்ய முடியாது.

அறிகுறி: குறித்த நேரத்தில் பேக்கப் ஓடவில்லை

முதலில் கடிகாரம். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் வருகின்றன. இரவு 2 மணி என்று நீங்கள் வைத்தது நம் நேரத்துக்குக் காலை 7:30. ஓடாமல் இல்லை, வேறு நேரத்தில் ஓடியிருக்கிறது. இயங்குதளத்தின் நேர மண்டலம், ஃப்ரீபிபிஎக்ஸ் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் உள்ள பிஎச்பி நேர மண்டலம் இரண்டையும் பாருங்கள். மாற்றினால் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும்) சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். செய்யாவிட்டால் அது பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும்.

நேரம் சரி என்றால், ஆஸ்டெரிஸ்க் என்ற பயனரின் கிரான் பட்டியலைத் திறங்கள். பதிப்பு 15 முதல் பெரும்பாலான வேலைகள் அங்கே நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரே வரியில்தான் தொங்குகின்றன: எஃப்டபிள்யூகன்சோல் (ஃப்ரீபிபிஎக்ஸின் கட்டளைக் கருவி) தரும் ஜாப் கட்டளை. யாராவது ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) பயனரின் கிரானைத் திருத்துகிறோம் என்று நினைத்து இந்தப் பட்டியலை அழித்துவிட்டால் பேக்கப் மட்டுமல்ல, அப்டேட் சோதனை உட்படப் பலவும் சத்தமில்லாமல் நின்றுவிடும். திரையில் எந்தப் பிழையும் காட்டாமல் போகலாம்.

வரி இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்றால் முந்தைய பேக்கப் பாதியில் மாட்டிக்கொண்டிருக்கலாம். பிராசஸ் பட்டியலில் நேற்றிரவு தொடங்கிய பேக்கப் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவுகளையும் சேர்த்து 200 ஜிபியைச் சுருக்க முயன்றுகொண்டிருக்கும் வேலைதான் பெரும்பாலும் அப்படிக் கிடக்கும். அதைக் கொன்றுவிட்டு, பதிவுகளை அந்த வேலையிலிருந்து நீக்குங்கள்.

அறிகுறி: "முடிந்தது" என்கிறது, கோப்பு சந்தேகப்படும்படி சின்னதாக இருக்கிறது

பேக்கப் மாட்யூல் நீங்கள் டிக் செய்த மாட்யூல்களை மட்டுமே எடுக்கும். பேக்கப்பை முதன்முதலில் உருவாக்கிய பிறகு நிறுவிய மாட்யூல்கள் பட்டியலில் இல்லாமல் போவது வழக்கமாக நடப்பது. கியூவைப் போன வருடம் சேர்த்திருப்பீர்கள். பேக்கப் வேலை அதற்கு முந்தைய வருடத்தது. மாட்யூல் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பேக்கப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

கோப்பை டார் கட்டளையால் விரிக்காமலே பட்டியலிட்டுப் பார்க்கலாம். உள்ளே உள்ள மாட்யூல்களின் பெயர்கள் தெரியும். சிடிஆர் (அழைப்பு விவரப் பட்டியல்), வாய்ஸ்மெயில், அறிவிப்புக் குரல்கள் இருக்கின்றனவா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மாட்யூல் பேக்கப்பில் வராதவை என்று ஒரு பட்டியல் உண்டு. அதைத் தாளில் எழுதிச் சர்வர் ரேக்கில் ஒட்டிவைப்பது நல்லது. நெட்வொர்க் கார்டுகளின் ஐபி அமைப்பு, நிலையான ரூட்கள் (பாக்கெட் எந்தக் கார்டு வழியே போக வேண்டும் என்ற பாதைகள்), பிஆர்ஐ (டிஜிட்டல் தொலைபேசி லைன்) கார்டு இருந்தால் டாடி (அந்தக் கார்டின் டிரைவர்) அமைப்புக் கோப்புகள், கையால் எழுதிய ஏஜிஐ ஸ்கிரிப்டுகள் (அழைப்பின்போது ஓடும் நிரல்கள்), ரூட் பயனரின் கிரான், வேறு மென்பொருளோடு இணைக்க நீங்கள் எழுதிய சின்னச் சின்ன நிரல்கள். இவற்றின் ஃபோல்டர்களைப் பேக்கப் வேலையில் தனிக் கோப்புகளாகச் சேர்க்க இடம் இருக்கிறது. இல்லையென்றால் ஆர்சிங்க் பட்டியலில் இடிசி (அமைப்புக் கோப்புகள் உள்ள) ஃபோல்டரை முழுதாகச் சேர்த்துவிடுங்கள். சில எம்பிதான்.

நேர்மாறான அறிகுறியும் உண்டு: அமைப்பு பேக்கப் திடீரென்று ஜிபி கணக்கில் வீங்கும். பெரும்பாலும் சிஇஎல் (அழைப்பு நிகழ்வுகளைக் குறித்துவைக்கும்) அட்டவணைதான் காரணம். ஒரு அழைப்புக்கு சிடிஆரில் ஒன்றிரண்டு வரி விழுந்தால், சிஇஎல்லில் அழைப்பின் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி விழும். பல வருடம் ஓடிய கால் சென்டரில் இது சிடிஆரைவிடப் பல மடங்கு பெரிதாகியிருக்கும். அந்த அறிக்கையை யாரும் பார்ப்பதில்லை என்றால் பழைய வரிகளை நீக்கிவிடலாம். ஆனால் முதலில் ஒரு முழு டம்ப் எடுத்து வைத்துவிட்டு.

அறிகுறி: காலையில் வந்தால் போன் எதுவும் வேலை செய்யவில்லை

இரவில் பேக்கப் ஓடிய மறுநாள் இப்படி என்றால் டிஎஃப் (டிஸ்கில் உள்ள இடத்தைக் காட்டும்) கட்டளை ஒன்று போதும். ரூட் பார்ட்டிஷன் 100 சதவீதம் என்று நிற்கும். டிஸ்க் நிறைந்தால் மரியாடிபி (தரவுத்தளம்) நிற்கும், ஃப்ரீபிபிஎக்ஸ் திரை வராது, வாய்ஸ்மெயில் சேமிக்காது.

காரணம் பேக்கப் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் ஒரு தற்காலிக இடத்தில் சேர்த்துப் பிறகுதான் மூட்டை கட்டுகிறது. 20 ஜிபி பேக்கப்புக்கு 20 ஜிபிக்கு மேல் காலியிடம் அந்த நேரத்துக்கு வேண்டும். பாதியில் செத்த பேக்கப்பின் மிச்சமும் அங்கேயே கிடக்கும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். மரியாடிபியின் டேட்டா ஃபோல்டருக்குள் எதையும் கையால் அழிக்காதீர்கள், பெயர் லாக் என்று இருந்தாலும் சரி. அங்கே லாக் என்று தெரிவது தரவுத்தளத்தின் உயிர். டியூ கட்டளையால் பெரிய ஃபோல்டரைத் தேடுங்கள்: வார் → ஸ்பூல் → ஆஸ்டெரிஸ்க் → பேக்கப், டெம்ப், ஆஸ்டெரிஸ்க் லாக் ஃபோல்டர். கடைசி நல்ல பேக்கப்பை வேறு இயந்திரத்துக்கு நகர்த்திவிட்டுப் பழையவற்றை அழியுங்கள். பிறகு மரியாடிபியைத் தொடங்குங்கள், அதன்பின் ஆஸ்டெரிஸ்கை.

அழித்தும் இடம் திரும்பவில்லையா? அழித்த கோப்பை ஏதோ ஒரு பிராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஆஸ்டெரிஸ்கின் "ஃபுல்" லாக். ஆஸ்டெரிஸ்க் கன்சோலில் லாகர் ரோட்டேட் கொடுத்தால் விட்டுவிடும். டிஸ்கில் இடம் இருக்கிறது, ஆனாலும் "இடம் இல்லை" என்றால் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் குறிப்பு) எண்ணிக்கையைப் பாருங்கள். லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள் சேர்ந்த இடங்களில் அது முதலில் தீர்ந்துவிடும்.

இது மீண்டும் வராமல் இருக்க, சர்வரின் உள்ளூர் பேக்கப்பில் மூன்று பிரதிகளுக்கு மேல் வைக்காதீர்கள். நீண்ட வரலாறு இருக்க வேண்டியது பேக்கப் இயந்திரத்தில்.

அறிகுறி: யூஎஸ்பி டிஸ்கில் கோப்பு 4 ஜிபியோடு நின்றுவிடுகிறது, அல்லது டிஸ்க் காலியாகவே இருக்கிறது

4 ஜிபியில் நின்றால் டிஸ்க் ஃபேட்32-இல் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு அதைத் தாண்டவே முடியாது. இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸில் செருகிப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஃபேட் வகையில் வைப்பவர்கள் இன்னொன்றையும் இழக்கிறார்கள்: கோப்பின் உரிமையாளர், அனுமதி எதுவும் அதில் தங்காது.

டிஸ்க் காலி, பேக்கப் மட்டும் வெற்றி என்கிறது என்றால் இது மோசமான வகை. மின்தடைக்குப் பிறகு டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (தன் ஃபோல்டரோடு இணையாமல்) இருந்திருக்கும். பேக்கப் அதே பெயருள்ள வெற்று ஃபோல்டருக்குள், அதாவது சர்வரின் சொந்த டிஸ்கிலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கும். சில நாளில் மேலே சொன்ன "டிஸ்க் நிறைந்தது" வந்து சேரும்.

மூன்று வேலை செய்யுங்கள். எஃப்எஸ்டேப் (மவுண்ட் பட்டியல்) கோப்பில் டிஸ்கை எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயரால் குறிக்காமல் யூயூஐடி என்ற நிரந்தர அடையாள எண்ணால் குறியுங்கள், ஏனென்றால் செருகும் துளை மாறினால் பெயர் மாறும். அதே வரியில் "நோஃபெயில்" சேருங்கள். இல்லையென்றால் டிஸ்க் பழுதான அன்று சர்வரே பூட் ஆகாமல் நிற்கும். மூன்றாவது, டிஸ்கைக் கழற்றியிருக்கும்போது அந்த வெற்று ஃபோல்டருக்கு சிஎச்ஏடிடிஆர் கட்டளையால் "மாறாத" குறி போட்டுவிடுங்கள். மவுண்ட் ஆகாவிட்டால் எழுத முடியாமல் பேக்கப் தோற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான், சத்தமாகத் தோற்பது.

அறிகுறி: வெளியே அனுப்பும் கட்டம் மட்டும் தோற்கிறது

சர்வரே எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியே கோப்பு அனுப்பும் முறை) மூலம் அனுப்பும்படி வைத்திருந்து, "அனுமதி இல்லை" என்றால், நீங்கள் ரூட்டாக நுழைந்து சோதித்திருப்பீர்கள். அது சரியாக வேலை செய்திருக்கும். ஆனால் பேக்கப் ஓடுவது ஆஸ்டெரிஸ்க் பயனரின் பெயரில். அந்தப் பயனராக மாறி அதே இணைப்பைச் சோதியுங்கள். சாவிக் கோப்பு அந்தப் பயனருக்குச் சொந்தமாக, 600 அனுமதியோடு, .எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700 அனுமதியோடு இருக்க வேண்டும்.

சாவி சரி, ஆனாலும் மறுக்கிறது என்றால் இரு பக்க ஓபன்எஸ்எஸ்எச் பதிப்புகளைப் பாருங்கள். 2021-இல் வந்த 8.8 முதல் எஸ்எச்ஏ-1 கொண்டு கையெழுத்திடும் பழைய ஆர்எஸ்ஏ முறை இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7 காலத்துப் பழைய மென்பொருளும் புதிய டெபியனும் பேசும் இடத்தில் இது இடிக்கலாம். இடி25519 வகைச் சாவி புதிதாக உருவாக்கினால் தீர்ந்தது.

எஸ்3 வகைச் சேமிப்பில் சாவி, பக்கெட் பெயர் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் மீண்டும் கடிகாரம். அமேசான் எஸ்3, கோரிக்கையின் நேரம் 15 நிமிடத்துக்கு மேல் விலகினால் ஏற்காது. பழைய டெஸ்க்டாப்பை மலிவு என்று பேக்கப் இயந்திரமாக வைத்த இடங்களில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் வருடக்கணக்கில் பின்னால் போய்விடும். சில பத்து ரூபாய் பேட்டரியை மாற்றி, குரோனி நேரச் சேவையை இயக்கிவிடுங்கள்.

சில நாள் போகிறது, சில நாள் போவதில்லை என்றால் ஃபெயில்2பேனை (சந்தேகமான ஐபிகளைத் தானே தடுக்கும் கருவி) பாருங்கள். பேக்கப் இயந்திரத்தின் ஐபியை அதுவே தடுத்திருக்கலாம். ஃப்ரீபிபிஎக்ஸ் ஃபயர்வாலில் அந்த ஐபியை நம்பிக்கைக்குரிய வளையத்தில் சேருங்கள்.

அறிகுறி: பேக்கப் ஓடும்போது குரல் உடைகிறது

24 மணி நேர மருத்துவமனை, விடுதி போன்ற இடங்களில் "இரவில் ஓட்டுங்கள்" என்பது விடையாகாது. ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஒரு அழைப்பு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு ஏறக்குறைய 87 கிலோபிட் எடுக்கும். பத்து அழைப்பு என்றால் 870 கிலோபிட். அலைவரிசை அளவில் இது சின்னதுதான். ஆனால் பேக்கப் அப்லோடு பாதையை முழுதாக நிரப்பிவிட்டால், குரல் பாக்கெட்டுகள் ரவுட்டரின் வரிசையில் பின்னால் நிற்கும். எதிர்முனையில் இருப்பவருக்குத்தான் குரல் உடையும். உங்களுக்கு நன்றாகவே கேட்கும். இந்த ஒருதலைப்பட்சமே நல்ல அடையாளம்.

ஆர்குளோன் (இணையச் சேமிப்புக்கு நகலெடுக்கும் கருவி), ரெஸ்டிக், ஆர்சிங்க் மூன்றிலும் வேக வரம்பு வைக்கலாம். கவனம்: இவை பைட்டில் கணக்கிடுகின்றன, இணைய நிறுவனம் பிட்டில் சொல்கிறது. 20 மெகாபிட் அப்லோடில் பாதியைக் கொடுக்க நினைத்தால் 10 மெகாபிட், அதாவது நொடிக்கு 1.25 மெகாபைட். அந்த வேகத்தில் மேலே சொன்ன ஒரு நாளின் 1.4 ஜிபி பதிவு 20 நிமிடத்துக்குள் போய்விடும். அவசரப்பட ஒன்றுமில்லை.

இரு பக்கமும் குரல் உடைந்தால் காரணம் நெட்வொர்க்காக இருக்க வாய்ப்பு குறைவு; சர்வரின் டிஸ்க்கையும் சிபியுவையும் பாருங்கள். ஜிசிப் சுருக்கம் ஒரு கோரை முழுதாகத் தின்னும். ஒரே கோர் உள்ள மலிவு வாடகை சர்வரில் ஆஸ்டெரிஸ்குக்கு மிச்சம் இருக்காது. நைஸ் கட்டளையால் முன்னுரிமையைக் குறையுங்கள். வேவ் பதிவுகளைச் சர்வரில் சுருக்கவே வேண்டாம், இழுக்கும் இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும். மெய்நிகர் இயந்திரமாக ப்ராக்ஸ்மாக்ஸில் ஓடுகிறது என்றால், பேக்கப் முறை "ஸ்னாப்ஷாட்" என்றிருக்கிறதா என்று பாருங்கள். "சஸ்பெண்ட்" என்றிருந்தால் இயந்திரம் சற்று நேரம் உறையும், நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் கெடும்.

அறிகுறி: பழையதை அழிக்கிறோம், மாதக் கட்டணம் மட்டும் ஏறுகிறது

ரெஸ்டிக்கில் "ஃபர்கெட்" மட்டும் கொடுத்தால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும், தரவு அப்படியே இருக்கும். "ப்ரூன்" சேர்த்தால்தான் இடம் விடுபடும். ஆர்குளோன் கொண்டு பேக்பிளேஸ் பி2 என்ற இணையச் சேமிப்புக்கு அனுப்பினால், அழித்த கோப்பு மறைக்கப்பட்ட பதிப்பாக அங்கேயே தங்கும். பக்கெட்டின் வாழ்நாள் விதியில் மறைத்த பதிப்புகளை இத்தனை நாளில் நீக்கு என்று வைக்க வேண்டும். உடனே நீக்கும்படி வைக்காதீர்கள். தவறாக அழித்தால் மீட்க 30 நாள் இருப்பது நல்லது.

வசாபி என்ற இணையச் சேமிப்பில் ஒரு டிபிக்குக் குறைவாக வைத்தாலும் ஒரு டிபிக்கான கட்டணம். அதோடு, வழக்கமான திட்டத்தில் 90 நாளுக்கு முன் அழித்தாலும் 90 நாளுக்குக் கட்டணம் உண்டு. தினம் அழித்து எழுதும் அமைப்பு பேக்கப்புக்கு அது ஒத்துவராது. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் மிக மலிவு, ஆனால் குறைந்தபட்சக் கணக்கு 180 நாள். எடுக்கவும் வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை ஆகும். வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய பழைய பதிவுகளுக்கு அது சரி. சர்வர் செத்த காலையில் தேவைப்படும் அமைப்பு பேக்கப்பை ஒருபோதும் அங்கே வைக்காதீர்கள்.

பதிவின் அளவையே குறைக்க விரும்பினால் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பதிவு வடிவத்தை வேவ்49 என்று மாற்றலாம். அளவு பத்தில் ஒன்றாகும், மணிக்கு 6 எம்பி அளவில். பேச்சைப் புரிந்துகொள்ளப் போதுமானது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்குக் கொடுப்பதாக இருந்தால் தரம் இடிக்கும். ஏற்கெனவே உள்ள வேவ் கோப்புகளை எம்பி3 ஆக மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிடிஆர் அட்டவணையில் பழைய கோப்புப் பெயர், வேவ் என்ற பின்னொட்டோடு, அப்படியே இருக்கும். அதைச் சேர்த்து மாற்றாவிட்டால் பதிவு டிஸ்கில் இருக்கும், திரையில் இயக்க முடியாது.

அறிகுறி: ரீஸ்டோர் ஆகிறது, ஆனால்…

இங்கேதான் நேரம் போகும். புதிய இயந்திரத்தில் ரீஸ்டோர் செய்யும் முன் பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே ட்ரங்க்கில் ரெஜிஸ்டர் ஆனால் உள்வரும் அழைப்புகள் ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே என்று தாவும். எங்கே கோளாறு என்றே கண்டுபிடிக்க முடியாது.

பெரிய கோப்பைத் திரை வழியாக ஏற்றினால் பாதியில் நிற்பது பிஎச்பியின் அப்லோடு வரம்பால். எஸ்சிபி மூலம் சர்வருக்குக் கொண்டுவந்து, எஃப்டபிள்யூகன்சோலின் பேக்கப் கட்டளையில் ரீஸ்டோர் விருப்பத்தைக் கொடுங்கள். பிழை எந்த மாட்யூலில் வருகிறது என்பதும் அங்கே தெளிவாகத் தெரியும். புதிய இயந்திரத்தின் மாட்யூல்கள் பேக்கப் எடுத்தபோது இருந்ததைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. முதலில் எல்லாவற்றையும் அப்டேட் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

*போன்கள் சர்வரில் ரெஜிஸ்டர் ஆகவில்லை.* சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டதால் பலர் டெபியன் 12 மேல் ஓடும் ஃப்ரீபிபிஎக்ஸ் 17-க்கு மாறுகிறார்கள். ஆஸ்டெரிஸ்க் 21 முதல் சான்சிப் (போன்களை இணைக்கும் பழைய பகுதி) இல்லவே இல்லை. பழைய சர்வரில் சான்சிப்பில் இருந்த எக்ஸ்டென்ஷன்கள் பேக்கப்பில் வரும், ஆனால் உயிர் இருக்காது. பழைய சர்வர் ஓடும்போதே எல்லாவற்றையும் அதன் புதிய மாற்றான பிஜேசிப்புக்கு மாற்றிவிட்டு, அதன்பின் பேக்கப் எடுங்கள். பல நிறுவல்களில் சான்சிப் 5160 போர்ட்டிலும் பிஜேசிப் 5060-இலும் இருக்கும். கையால் அமைத்த போன்களில் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும். புதிய சர்வருக்குப் பழைய ஐபியையே கொடுத்தால் போன் போனாக ஓடும் வேலை மிச்சம்.

*ஒருபக்கக் குரல், அல்லது குரலே இல்லை.* எஸ்ஐபி (இணைய வழி அழைப்பு முறை) செட்டிங்ஸில் வெளி ஐபியும் உள் நெட்வொர்க் பட்டியலும் பழைய இடத்தின் எண்களாகவே வந்திருக்கும். திருத்தி, ஆஸ்டெரிஸ்கை முழுதாக மறுதொடக்கம் செய்யுங்கள். ரவுட்டரில் 10000 முதல் 20000 வரையான யூடிபி போர்ட்டுகள் புதிய இயந்திரத்துக்குத் திரும்பியிருக்கின்றனவா என்பதும் இதே கட்டத்தில்.

*உள் அழைப்பு போகிறது, வெளி அழைப்பு போகவில்லை.* இந்தியாவில் பல எஸ்ஐபி ட்ரங்குகள் பயனர்பெயர், கடவுச்சொல் கேட்பதில்லை. ஃபைபர் பெட்டியிலிருந்து தனிக் கேபிள் இரண்டாவது நெட்வொர்க் கார்டுக்கு வரும். தொலைத்தொடர்பு நிறுவனம் தான் கொடுத்த ஐபியைப் பார்த்தே அழைப்பை ஏற்கும். அந்த இரண்டாவது கார்டின் ஐபியும், நிறுவனத்தின் எஸ்பிசி (அழைப்பு நுழைவாயில்) இயந்திரத்துக்குப் போகும் நிலையான ரூட்டும் மாட்யூல் பேக்கப்பில் வருவதில்லை. ட்ரங்க் அமைப்பு சரியாகவே இருக்கும், பாக்கெட் மட்டும் தவறான கார்டு வழியே இணையத்துக்குப் போய்த் தொலையும். ரேக்கில் ஒட்டிய தாள் இப்போதுதான் கைகொடுக்கும். டெபியனில் கார்டின் பெயரும் மாறியிருக்கும் என்பதால் பழைய கோப்பை அப்படியே ஒட்டாமல் எண்களை மட்டும் எடுத்து எழுதுங்கள்.

*அறிவிப்பு ஒலிக்கவில்லை, வாய்ஸ்மெயில் திறக்கவில்லை.* ரூட் பெயரில் நகலெடுத்ததால் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டன. எஃப்டபிள்யூகன்சோலின் சிஎச்ஓன் கட்டளை ஓட்டினால் சரியாகும்.

*கட்டண மாட்யூல்கள் வேலை செய்யவில்லை.* உரிமம் பழைய வன்பொருளோடு பூட்டப்பட்டிருக்கிறது. சங்கோமா (ஃப்ரீபிபிஎக்ஸை நடத்தும் நிறுவனம்) போர்ட்டலில் வன்பொருள் பூட்டை விடுவித்துப் புதியதில் மீண்டும் இயக்க வேண்டும். போர்ட்டல் கணக்கின் கடவுச்சொல் வேலையை விட்டுப் போனவரிடம் இருக்கக் கூடாது.

அறிகுறி: ரீஸ்டோர் செய்த பிறகும் தெரியாத வெளிநாட்டு அழைப்புகள்

சர்வருக்குள் யாரோ நுழைந்த பிறகு எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால், அவர்கள் வைத்த பயனரும் திரும்ப வருவார். 2025 ஆகஸ்டில் வெளிப்பட்ட எண்ட்பாயிண்ட் மாட்யூல் ஓட்டை (சிவிஇ-2025-57819) இதை எல்லோருக்கும் உணர்த்தியது. இணையத்துக்குத் திறந்துவைத்த நிர்வாகத் திரை வழியாக ஆகஸ்ட் 21 வாக்கில் தாக்குதல் தொடங்கியிருந்ததால், அதற்கு முந்தைய பேக்கப் வைத்திருந்தவர்களால்தான் சுத்தமாக மீள முடிந்தது. ஏழு நாள் பிரதி மட்டும் வைத்திருந்து, ஊடுருவலைப் பத்தாவது நாள் கண்டுபிடித்தால் கையில் இருப்பது எல்லாமே கெட்டது. அமைப்பு பேக்கப் சில பத்து எம்பிதானே. 14 நாள் பிரதி, 8 வாரப் பிரதி, 12 மாதப் பிரதி வைத்தாலும் ஒன்றிரண்டு ஜிபிக்குள் முடியும்.

ரீஸ்டோர் முடிந்ததும் நிர்வாகிகள் பட்டியல், ட்ரங்குகள், தனிப்பயன் டயல்பிளான் (அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதிகள்) கோப்புகள் மூன்றையும் கண்ணால் பாருங்கள். எல்லா எஸ்ஐபி கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். பேக்கப் கோப்புக்குள் அவை வாசிக்கக்கூடிய வடிவிலேயே கிடக்கின்றன, அதனால்தான் வெளியே அனுப்பும் பிரதியைக் குறியாக்கம் செய்யாமல் அனுப்பக் கூடாது. ரெஸ்டிக் இயல்பாகவே குறியாக்கம் செய்கிறது. அதன் கடவுச்சொல் தொலைந்தால் தரவை யாராலும் மீட்க முடியாது. தாளில் எழுதி அலுவலகத்துக்கு வெளியே பூட்டி வையுங்கள். அந்தச் சர்வரிலேயே மட்டும் வைத்திருப்பது பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டுவது.

ஒத்திகை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பேக்கப் இயந்திரத்திலேயே ஒரு மெய்நிகர் இயந்திரம் உருவாக்கி ரீஸ்டோர் செய்து பாருங்கள். அதன் நெட்வொர்க்கை வெளியே போகாத தனி வளையத்தில் வையுங்கள். இரண்டு சாஃப்ட்போன்களை (கணினியில் ஓடும் போன் செயலி) அதோடு இணைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றை அழைப்பது, ஐவிஆரில் ஒவ்வொரு எண்ணையும் அழுத்துவது, ஒரு பழைய பதிவைத் திறந்து கேட்பது. இவ்வளவும் ஒரு மணி நேர வேலை. ரெஸ்டிக் களஞ்சியத்தையும் அன்றே செக் கட்டளையால் சோதியுங்கள். தரவில் 5 சதவீதத்தை உண்மையாக வாசித்துப் பார் என்று சொல்ல விருப்பம் உண்டு, முழுதும் இறக்கிச் செலவு செய்ய வேண்டாம்.

ஒத்திகை முடிந்ததும் அந்த மெய்நிகர் இயந்திரத்தை அணைக்காமல் போகாதீர்கள். ரீஸ்டோரில் பேக்கப் வேலையும் அதன் கால அட்டவணையும் சேமிப்புக் கணக்கின் சாவியும் சேர்ந்தே வந்திருக்கும். நாளை யாராவது அதன் நெட்வொர்க்கைத் திறந்துவிட்டால், இரவு 2 மணிக்கு அதுவும் எழுந்து, உண்மையான சர்வரின் ஃபோல்டருக்குள் தன் பழைய பேக்கப்பை எழுதி, எண்ணிக்கை மீறியது என்று நல்ல பிரதியை அழிக்கும்.